மூன்றாம் மடை

பாட்காஸ்ட் என்றால் எனக்கு என்னவென்றே தெரியாது என்று நினைத்துக்கொண்டு வந்தார்கள் அந்த இருவரும். ஜெனிஃபர், பிரபு. இருவரும் திண்டுக்கல்காரர்கள், வேலை சென்னையில். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் வரலாற்றுப் பேராசிரியர்களையும் எழுத்தாளர்களையும் தேடிப் பிடித்துப் பேசவைத்து, கைபேசியில் கேட்கும்படி போடுகிறார்கள். நிறையப் பேர் கேட்கிறார்களாம். நாகல் நகரில் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு, "சார், நீங்க அப்பவே ரேடியோல இதைத்தான பண்ணிருக்கீங்க?" என்றாள் ஜெனிஃபர்.

யார் சொன்னது என்று கேட்டேன். அவள் சிரித்தாள். நான் விளையாட்டுக்குக் கேட்கவில்லை. வானொலியில் இருந்த காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் அது. வீட்டில் பால் விலை ஏறிவிட்டது என்றாலும் யார் சொன்னது என்றுதான் வாயில் வரும். என் மனைவி இதற்காகவே என்னிடம் செய்தி எதுவும் சொல்வதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது.

சமவெளிக் குளங்களைப் பற்றி ஓர் அத்தியாயம் தயாராக இருக்கிறது, அதில் என் பேச்சும் கொஞ்சம் வேண்டும் என்றார்கள். போட்டுக் காட்டச் சொன்னேன். தெரிந்த குரல் ஒன்று பேசியது. பேராசிரியர் ஞானசேகரன். வயதாகியிருந்தது, கம்பீரம் குறையவில்லை. "நெடுங்கரைப்பட்டிக் குளத்தின் மூன்றாம் மடையில் வீரணன் என்பவர்..." என்று அவர் தொடங்கியதும் நிறுத்தச் சொல்லிவிட்டேன். பிள்ளைகள் விழித்தார்கள். நான் அன்று அவர்களிடம் சொன்னதையும், சொல்லாமல் விட்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

நான் வானொலியில் சேர்ந்தது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். முதலில் தற்காலிக அறிவிப்பாளன், பிறகு நிகழ்ச்சித் தயாரிப்பில் உதவியாளன். சுருள் நாடாவை பிளேடால் வெட்டி ஒட்டக் கற்றுக்கொண்டேன். பேசுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில் வெட்டினால் ஒட்டு தெரியாது. அதைக் கற்றுக்கொண்ட பிறகு ஒரு கெடுதல் நேர்ந்தது: யார் பேசினாலும் இது எங்கே வெட்டி ஒட்டியது என்று பார்க்கத் தொடங்கிவிட்டேன். சாமியார் பிரசங்கத்தைக்கூட என்னால் நிம்மதியாகக் கேட்க முடிந்ததில்லை.

அந்த முதல் வருடங்களில்தான் விவசாய நிகழ்ச்சிக்காக ஒரு நாடகம் போட்டோம். குளத்தைத் தூர்வாருங்கள் என்று சும்மா சொன்னால் யார் கேட்பார்கள், கதையாகச் சொல்லுவோம் என்றார் அப்போதிருந்த அதிகாரி. மதுரையிலிருந்து ஓர் எழுத்தாளர் எழுதி அனுப்பினார். உள்ளூர்ப் பெயர் இருந்தால் நன்றாக இருக்கும் என்று வத்தலக்குண்டு பக்கம் இருக்கும் நெடுங்கரைப்பட்டிக் குளத்தின் பெயரைப் போட்டுக்கொண்டார். அந்த ஊருக்கு அவர் போனதே இல்லை. கதையில் வீரணன் என்று ஒருவன். வெள்ளத்தில் கரை உடைகிறது. அவன் மூன்றாம் மடையில் படுத்துக்கொண்டு, "என் மேல மண்ணைப் போடுங்கடா" என்கிறான். ஊர் மண்ணைப் போடுகிறது, கரை நிற்கிறது. வீரணனாக நடித்தவர் வங்கி குமாஸ்தா, நல்ல நாடகக் குரல். வெள்ளமாக நடித்தது நான். ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் கையை விட்டு அளைந்துகொண்டே இருந்தேன். சட்டையெல்லாம் நனைந்ததுதான் மிச்சம். நாடகம் ஒலிபரப்பானது, அதோடு எல்லோரும் மறந்தோம். நாடாவுக்கு எப்போதும் தட்டுப்பாடு என்பதால் அதை அழித்து, மேலே யாருடைய நாதஸ்வரத்தையோ பதிவு செய்தார்கள்.

லலிதா மேடம் எங்கள் நிலையத்துக்கு வந்தது அதற்குப் பல வருடம் கழித்து, இரண்டாயிரத்தை ஒட்டி. தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். வாரம் ஒரு வரலாற்றாசிரியரோ எழுத்தாளரோ இந்த வட்டாரத்தைப் பற்றிப் பேசும் தொடரை அவர்தான் ஆரம்பித்தார். பேச வருகிறவர்களுக்கு அவர் வைத்த முறை கொஞ்சம் கடுமையானது. ஒலிப்பதிவுக்கு முன்னால் டீ கிடையாது, தண்ணீர் மட்டும்தான். வந்தவரை உட்காரவைத்து, அவர் சொல்லப்போகும் ஒவ்வொரு சங்கதிக்கும் மூன்று கேள்வி கேட்பார். யார் சொன்னது? அவரை நீங்கள் நேரில் பார்த்துக் கேட்டீர்களா? அவருக்கு யார் சொன்னது? கண்ணை மூடிக்கொண்டு பதிலைக் கேட்பார். தப்பு என்று ஒருநாளும் சொல்ல மாட்டார். திருப்தி இல்லை என்றால், "இன்னொரு தடவை சொல்லுங்களேன்" என்பார். இரண்டாம் தடவை சொல்லும்போது பலருக்கும் வியர்த்துவிடும்.

டீ ஏன் கூடாது என்று ஒருமுறை கேட்டேன். "டீ குடிச்சாச்சுன்னா அவர் நமக்கு வேண்டியவர் ஆயிடுவார், அந்தோணி. வேண்டியவரைக் கேள்வி கேக்க முடியுமா?" என்றார். எனக்கு அது சரியாகப் பட்டது. இன்றுவரை எனக்கு டீ கொடுக்கிறவர்களை நான் செத்த நேரம் உற்றுப் பார்ப்பதுண்டு.

மலைக்கோட்டையிலிருந்து சுரங்கப்பாதை போகிறது என்று பேச மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் அது மதுரைக்குப் போகிறது என்றார், ஒருவர் பழனிக்கு என்றார். மூன்றாமவர் ஒரு கதாசிரியர், தன் வீட்டுக் கிணற்றுக்கு வருகிறது என்றார். மேடம் மூவரையும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்து மூன்று கேள்விகளைக் கேட்டார். முதல் இருவரும் கோபித்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கதாசிரியர் மட்டும், "உண்மையைச் சொன்னா, மேடம், இது என் ஆசை" என்றார். அப்படியே ஒலிபரப்பில் சொல்லுங்கள் என்றார் மேடம். இது என் ஆசை என்று ஆரம்பித்து அவர் பேசிய பேச்சுக்குத்தான் அந்த வருடம் அதிகக் கடிதம் வந்தது. ஊகம் செய்வதை மேடம் தடுத்ததில்லை, ஊகத்துக்கு வேஷம் கட்டி அழைத்துவருவதைத்தான் தடுத்தார்.

பேராசிரியர் ஞானசேகரன் வந்தது இந்தத் தொடருக்குத்தான். படித்தவர், உழைப்பாளி. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வெயிலில் ஊர் ஊராக அலைந்து முதியவர்களின் பேச்சைக் கேசட்டில் பதிவு செய்து வைத்திருந்தார். நெடுங்கரைப்பட்டியில் மூன்று பெரியவர்களைத் தனித்தனியாகச் சந்தித்திருந்தார். மூவரும் சொன்ன கதை ஒன்றாகவே இருக்கிறது, இதைவிட வலுவான வாய்மொழிச் சான்று கிடைக்காது என்றார். கேசட்டை ஓடவிட்டு நான் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டேன்.

முதல் பெரியவர், "மூணாம் மடையில படுத்துக்கிட்டு, என் மேல மண்ணைப் போடுங்கடான்னான்" என்றார். இரண்டாமவரும் அதையே சொன்னார். மூன்றாமவர் சொன்னபோது எனக்குக் கை ஈரமானதுபோல் இருந்தது. அந்த வாளி ஞாபகம் வந்துவிட்டது. மூவருமே "போடுங்கடா" என்பதை வங்கி குமாஸ்தா இழுத்த மாதிரியே இழுத்தார்கள்.

மேடத்திடம் தனியாகச் சொன்னேன். அவர் என்னைக் கட்டிப்பிடித்துப் பாராட்டுவார் என்று எதிர்பார்த்திருந்தால் அது என் தவறு. "அந்த நாடகத்தை நான் கேட்கலை. டேப் இருக்கா?" என்றார். இல்லை என்றேன். எழுதிய ஆளும் அப்போது உயிரோடு இல்லை. "அப்ப இது உங்க ஞாபகம். உங்களையும் நான் நம்பலை, அந்தோணி. ஊருக்குப் போவோம்" என்றார். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் அவர் இடத்தில் நான் இருந்தால் அதையேதான் சொல்லியிருப்பேன்.

சேவுகம்பட்டியைத் தாண்டி ஜீப் மண்சாலையில் இறங்கியபோது, பூப்பறித்துவிட்டுப் போன பெண்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள். ஊருக்குள் போய் நிற்பதற்குள் ரேடியோக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று ஊருக்கே தெரிந்துவிட்டது. முதலில் குளத்துக்குப் போனோம். கரையை இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை நடந்தோம். மடை இரண்டுதான் இருந்தது. மேடம் திரும்பவும் நடந்தார். இரண்டுதான்.

கேசட்டில் பேசிய பெரியவர் ஒருவர் வேப்பமரத்தடியில் இருந்தார். மூன்றாம் மடை எங்கே என்று மேடம் கேட்டார். அவர் கொஞ்சமும் யோசிக்கவில்லை. "அது அப்பவே மண்மூடிப் போச்சும்மா. அதான் மண்ணைப் போடச் சொன்னான்ல" என்றார். எந்த இடத்தில் என்று கேட்டதற்குக் கிழக்கே கையைக் காட்டினார். பக்கத்தில் நின்றவர் மேற்கே காட்டினார். இருவரும் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. பொய் சொல்கிறவனைக் கண்டுபிடித்துவிடலாம், நம்பிச் சொல்கிறவனை என்ன செய்வது?

வெறும் கதைதானே, போகட்டும் என்று விட்டுவிட முடியாத காரணம் பேச்சியம்மாள் என்கிறவரின் வீட்டில்தான் தெரிந்தது. நெடுங்கரைப்பட்டியில் குளம் பெருகியதும் மடையை முதலில் திறக்கும் உரிமை ஒரு வீட்டுக்குத்தான். மடைக் கதவைத் தூக்கும் இரும்புத் திருகு அந்த வீட்டில்தான் இருக்கும். ஊரில் அதற்குச் சாவி என்று பெயர். திறக்கிற அன்றைக்கு முதல் மாலை அந்த வீட்டுக்கு. அறுவடையில் ஒவ்வொரு வயல்காரரும் ஒரு கட்டுக் கதிர் கொடுப்பார்கள். பேச்சியம்மாளின் கணவர் இறந்து, மகன் சின்னவனாக இருந்ததால், சாவி அந்த அம்மாவின் கையில் இருந்தது. சொந்தமாக நிலம் கிடையாது. அந்தக் கதிரில்தான் வீடு ஓடியது.

கிழக்கு வீட்டுக்காரர்கள் என்று இன்னொரு குடும்பம். வீரணன் தங்கள் வம்சம், அவர் உயிரைக் கொடுத்த குளத்துக்குச் சாவி எங்களிடம்தான் இருக்க வேண்டும் என்று அவர்கள் பஞ்சாயத்தில் கேட்டிருந்தார்கள். பேராசிரியரை ஊருக்கு அழைத்துவந்ததும் அவர்கள்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

பேச்சியம்மாள் எங்களுக்கு டீ போட அடுப்பைப் பற்றவைத்தார். மேடம் வேண்டாம் என்றார். அந்த அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. பரவாயில்லை என்று நான் சொல்ல வாயெடுத்தேன், மேடம் ஒரு பார்வை பார்த்தார், அடங்கிவிட்டேன். வீரணனைப் பற்றி யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா என்று அவர் கேட்டார்.

"அப்பிடி ஒரு ஆளு இருந்தாகன்னு எங்க மாமியா ஒரு வார்த்தை சொன்னதில்லம்மா. சாவியைக் கையில குடுக்கும்போது, திருகுக்கு எண்ணெய் விட மறந்துறாதன்னு மட்டுந்தேன் சொன்னாக" என்றார் பேச்சியம்மாள். பிறகு, "இப்ப ரேடியோவுல சொல்லப் போறீகளாமே. சொல்லிட்டீகன்னா ஊருக்கு அதுதேன் பத்திரம். சாவியை வாங்கிட்டுப் போயிருவாக" என்றார்.

அதன் பிறகு மேடம் அந்த டீயைக் கேட்டு வாங்கி இரண்டு டம்ளர் குடித்தார்.

ஒலிப்பதிவு நாளில் பேராசிரியருக்கும் அதே பெஞ்சு, அதே மூன்று கேள்வி. யார் சொன்னது? ஊர்ப் பெரியவர்கள். நேரில் கேட்டீர்களா? நேரில் கேட்டேன். அவர்களுக்கு யார் சொன்னது? முன்னோர்கள் என்றார். அந்தப் பெரியவர்கள் அப்படிச் சொன்னார்களா, நீங்களாகச் சொல்கிறீர்களா என்று கேட்டார் மேடம். அதை நான் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை என்றார் அவர். இன்னொரு தடவை சொல்லுங்களேன் என்றார் மேடம். நான் நாடகத்தைப் பற்றிச் சொன்னேன்.

பேராசிரியருக்கு வியர்க்கவில்லை. என்னை மேலும் கீழும் பார்த்தார். "டேப்பைக் கொண்டாங்க, நான் ஒத்துக்கிறேன். டேப் இல்லைன்னா நீங்க சொல்றதும் வாய்மொழிதான? மூணு பேர் வாய்மொழியை விட உங்க ஒருத்தர் வாய்மொழி எப்படி உசத்தி?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. இன்றைக்கும் வரவில்லை. மடை இரண்டுதான் இருக்கிறது என்றேன். மண்மூடிப் போய்விட்டது என்று ஊரே சொல்கிறதே என்றார்.

வீரணன் வரும் பகுதி இல்லாமல் மற்றதை ஒலிபரப்புவோம் என்று மேடம் முடிவு சொன்னார். பேராசிரியர் முழுப் பேச்சையும் நல்ல முறையில் பேசி முடித்தார், வீரணனையும் விடாமல் பேசினார். அந்தப் பகுதியை வெட்டியது என் பிளேடு. அவர் மூச்சு வாங்காத ஆள், ஒட்டு கொஞ்சம் தெரிந்தது. மறுவாரமே பேராசிரியரிடமிருந்து மேலிடத்துக்குப் புகார் போனது. கற்றறிந்தவர் பேச்சை ஓர் உதவியாளன் சொல்லைக் கேட்டு வெட்டியதாகவும், எங்களுக்குப் பேச்சியம்மாள் ஏதோ கொடுத்திருக்கலாம் என்றும் எழுதியிருந்தாராம். இரண்டு டம்ளர் டீயைத்தான் சொல்ல வேண்டும். அடுத்த மாற்றல் பட்டியலில் மேடம் பெயர் இருந்தது. புகாருக்கும் மாற்றலுக்கும் சம்பந்தமில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். நான் நம்பவில்லை.

கொடைரோடு ரயில் நிலையத்தில் வழியனுப்பப் போனேன். "சாவி அந்தம்மாகிட்டதான இருக்கு?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். "யார் சொன்னது?" என்றார். நானே போய்ப் பார்த்துவிட்டு வந்தேன் என்றேன். அதுதான் அவர் என்னைப் பார்த்து முழுதாகச் சிரித்த ஒரே தடவை. ரயில் போன பிறகு எனக்கு அழுகை வந்துவிட்டது. அவருக்குப் பின் வந்தவர்கள் வருகிறவர்களுக்கு முதலிலேயே டீ கொடுத்தார்கள். தொடரும் நன்றாகத்தான் நடந்தது.

இவ்வளவையும், பேச்சியம்மாளையும் சாவியையும் மட்டும் சொல்லாமல், ஜெனிஃபரிடமும் பிரபுவிடமும் சுருக்கமாகச் சொன்னேன். அவர் சொல்லும் கதையில் எனக்குச் சந்தேகம் உண்டு என்று முடித்தேன். "ஆனா சார், வீரணன் வீட்டு ஆளுகளே சொல்லிருக்காங்களே" என்று ஜெனிஃபர், நான் நிறுத்தச் சொன்ன இடத்திலிருந்து திரும்பவும் ஓடவிட்டாள். பேராசிரியர் முடித்ததும் ஒரு கிழவியின் குரல் வந்தது. "வீரணன் எங்க மாமனாருக்குத் தாத்தா. மூணாம் மடையில படுத்துக்கிட்டு, என் மேல மண்ணைப் போடுங்கடான்னாக." அது பேச்சியம்மாளின் குரல். போடுங்கடா என்பதை வங்கி குமாஸ்தா இழுத்த விதம்கூட மாறவில்லை.

மறுநாள் அவர்கள் காரிலேயே நெடுங்கரைப்பட்டிக்குப் போனேன். கரையில் மேற்கு மூலையில் ஒரு கல்லை நட்டு, சுண்ணாம்பு அடித்து, செவ்வந்தி மாலை போட்டிருந்தார்கள். மூன்றாம் மடை என்றார்கள். பிள்ளைகள் அதைப் படமெடுக்கப் போய்விட்டார்கள். நான் மட்டும் பேச்சியம்மாள் வீட்டுக்குள் போனேன். இடுப்பு வளைந்துவிட்டது, பார்வை மங்கல்தான், ஆனால் என்னைத் தெரிந்துகொண்டார். நான் வாயைத் திறப்பதற்குள் கையில் டீ டம்ளர் வந்துவிட்டது. சூடாக இருந்தது, குடித்துவிட்டேன். அதற்குப் பிறகுதான், வீரணன் உங்கள் வீட்டு ஆள் என்று யார் சொன்னது என்று கேட்டேன். கேள்வி எனக்கே பலவீனமாகக் கேட்டது.

"நீங்கதேன் தம்பி" என்றார். "அம்புட்டுத் தூரம் ஜீப்பு போட்டு வந்து ரேடியோக்காரக விசாரிக்கிறாகன்னா, அப்பிடி ஒரு ஆளு இருந்திருக்கத்தேன் செய்யணும்னு ஊரு முடிவு கட்டிருச்சு. இல்லவே இல்லன்னு நானும் சொல்லிப் பாத்தேன். யாரு கேக்குறா? இருந்தாகன்னு ஆயிப்போச்சு. இருந்தா எங்க வீட்டு ஆளாத்தான இருக்கணும்? சாவி இங்கனதான இருக்கு? கிழக்கு வீட்டுக்காரகளுக்கு அதுக்கு மேல பேச்சு இல்ல."

சுவரில் அந்த இரும்புத் திருகு தொங்கியது, எண்ணெய் பளபளத்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். மேடம் மாற்றலாகிப் போனதும், பேராசிரியரிடம் நான் வாயடைத்து நின்றதும் எதற்காகவோ, அது அங்கே பத்திரமாக இருந்தது. எனக்குச் சிரிப்பும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது.

பேச்சியம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தப் புள்ளைககிட்ட ஒண்ணும் சொல்லிப்புடாதீக தம்பி. கதை போச்சுன்னா சாவி போயிரும்."

திரும்பி வரும் வழியில், காரில் ஜெனிஃபர் கேட்டாள். "சார், நேத்துச் சந்தேகம்னு சொன்னீங்களே. அந்த மூணாம் மடை நிஜமா?"

"மறுத்துச் சொல்றதுக்கு எங்கிட்ட டேப் இல்லம்மா" என்றேன். பேராசிரியர் சொல்லித்தந்த பதில்தான், எனக்கு உதவியது. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பெண் பிழைத்துக்கொள்வாள் என்று தோன்றியது. அத்தியாயம் அப்படியே வெளியானது, நான் பேசிய பகுதி அதில் இல்லை. நானே வேண்டாம் என்றேன்.

பேச்சியம்மாள் இப்போது இல்லை. சாவி மருமகளிடம் இருக்கிறது, நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊர்ப் பெயர், ஆள் பெயர் எல்லாவற்றையும் இதில் மாற்றியிருக்கிறேன். ஆனாலும் ஜெனிஃபரும் பிரபுவும் படித்தால் தாங்கள் போய்வந்த ஊர்தான் என்று தெரிந்துகொள்வார்கள், கேள்வியோடு என் வீட்டுக்கு வருவார்கள். வரட்டும். அவர்கள் வாயைத் திறப்பதற்கு முன்னால் டீ கொடுத்துவிடுவேன்.